மஞ்சூரியா 1931: ஜெனீவாவின் கையில் என்னென்ன வழிகள் இருந்தன?

1931 செப்டம்பர் 18 மாலை, மேஜர் ஜெனரல் தாத்தேகாவா யோஷித்சுகு முக்டென் நகருக்கு வந்து சேர்ந்தார். இன்றைக்கு அந்த ஊருக்குப் பெயர் ஷென்யாங். தோக்கியோ ராணுவத் தலைமை அவரை அனுப்பியிருந்தது. வேலை ஒன்றே ஒன்றுதான்: சீனாவின் வடகிழக்குப் பகுதியான மஞ்சூரியாவில் இருந்த ஜப்பானின் குவாண்டுங் படையிடம், அவசரப்பட்டு எதையும் செய்துவிட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அந்தப் படையின் கர்னல் இதாகாகி செய்ஷிரோ அவரை வரவேற்றார். காரியத்தை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று நேராக ஒரு விருந்து விடுதிக்கு அழைத்துப் போனார். சாக்கே வந்தது, கெய்ஷா பெண்கள் வந்தார்கள். இரவு பத்தே காலைத் தாண்டியபோது ஊருக்கு வெளியே லியூதியாவ்ஹூ என்ற இடத்தில் ரயில் பாதையில் ஒரு வெடி வெடித்தது. தோக்கியோ கொடுத்து அனுப்பிய செய்தி போய்ச் சேரவேயில்லை.

தாத்தேகாவாவுக்கே அதைச் சேர்க்கும் எண்ணம் இருந்ததா என்பது வேறு விஷயம். அந்த வெடிக்குத் திட்டம் போட்ட குவாண்டுங் படைச் சதிகாரர்கள் மீது அவருக்கு அனுதாபம் உண்டு. அவர்களோ அவர் வருவது தெரிந்து, மாதக் கடைசியில் செய்ய வைத்திருந்ததை முன்னால் இழுத்துக்கொண்டார்கள்.

இந்த விருந்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பின் அமைதி காக்க நாடுகள் சேர்ந்து ஜெனீவாவில் அமைத்த சர்வதேச சங்கம் (நம் பாடப்புத்தகங்களில் பன்னாட்டுச் சங்கம்) மஞ்சூரியாவில் ஏன் தோற்றது என்று கேட்டால், 'அதற்குப் பல் இல்லை' என்பதுதான் வழக்கமான பதில். பொய்யில்லை. ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. ஜெனீவா அடுத்த ஒன்றரை வருடம் எழுதியதெல்லாம் தோக்கியோ விலாசத்துக்கு. முடிவுகளோ முக்டெனில் எடுக்கப்பட்டன. சங்கத்தின் முன் இருந்த ஒவ்வொரு வழியையும் நான் எடைபோடப் போவது இந்தத் தராசில்தான்: அது யார் கையைப் பிடிக்கும்? எத்தனை நாளில் பிடிக்கும்?

முதலில் நடந்ததைச் சுருக்கமாக. வெடித்தது தெற்கு மஞ்சூரிய ரயில்வேயின் பாதை. 1905இல் ரஷ்யாவை வென்ற ஜப்பானுக்குக் கிடைத்த சொத்து அது. அதைக் காவல் காக்க வந்த படைதான் குவாண்டுங் படை, சுமார் பத்தாயிரம் பேர். வெடி வைத்தது அந்தப் படையின் ஆட்களே. திட்டத்தின் மூளை லெப்டினன்ட் கர்னல் இஷிவாரா கன்ஜி. சேதம் எவ்வளவு? கொஞ்ச நேரம் கழித்து சாங்சுனிலிருந்து வந்த ரயில் அதே இடத்தைக் கடந்து சரியான நேரத்துக்கு முக்டென் போய்ச் சேர்ந்தது. அவ்வளவுதான் சேதம். பழி சீனர்கள் மீது போடப்பட்டது. விடிவதற்குள், ஆயிரக்கணக்கான வீரர்கள் இருந்த சீனப் படைமுகாம் சில நூறு ஜப்பானியர்களிடம் விழுந்தது. மஞ்சூரியாவின் அதிபதி ஜாங் ஷுயேலியாங் அப்போது பீப்பிங்கில் (இன்றைய பெய்ஜிங்) இருந்தார். எதிர்த்துச் சண்டை போட வேண்டாம் என்று தன் படைக்குச் சொல்லிவைத்திருந்தார். செப்டம்பர் 21 அன்று கொரியாவில் இருந்த ஜப்பானியப் படை, பேரரசரின் உத்தரவுகூட இல்லாமல் எல்லையைத் தாண்டி உள்ளே வந்தது. அதே நாளில் சீனா சாசனத்தின் 11ஆம் பிரிவின்கீழ் சங்கத்திடம் முறையிட்டது.

படை அனுப்புவது

இதை முதலில் கழித்துவிடலாம். சீனா முறையிட்ட அதே செப்டம்பர் 21 அன்றுதான் பிரிட்டன், நாணயத்தின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் தங்க நாணய முறையைக் கைவிட்டது. அதற்குச் சில நாள் முன்னால் இன்வர்கார்டனில் சம்பளக் குறைப்பை எதிர்த்து அதன் கடற்படை மாலுமிகளே வேலைக்குப் போக மறுத்திருந்தார்கள். சிங்கப்பூர் கடற்படைத் தளம் கட்டி முடிக்கப்படவில்லை. அது திறக்கப்பட்டது 1938இல். அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் சங்கத்திலேயே இல்லை. 1922 வாஷிங்டன் ஒப்பந்தம் பெரிய போர்க்கப்பல்களில் பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பானுக்கு 5:5:3 என்று ஜப்பானுக்குக் குறைவாகக் கொடுத்தது உண்மை. ஆனால் அந்த மூன்றும் மேற்குப் பசிபிக்கிலேயே நின்றது, மற்ற இருவரின் ஐந்தும் உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்தது. படை என்ற வழி காகிதத்தில்கூட இல்லை.

தோக்கியோவை நம்புவது

இன்றைக்குப் பார்த்தால் அசட்டுத்தனமாகத் தோன்றும். அன்றைக்கு அப்படி இல்லை. வாகாத்சுகி அரசில் வெளியுறவு அமைச்சராக இருந்த ஷிதேஹாரா, சமாதானக்காரர் என்று உலகமே ஒத்துக்கொண்டவர். அவரை வெளியிலிருந்து நெருக்கினால் உள்ளூரில் தேசபக்தர்கள் அவரைக் கிழித்துவிடுவார்கள், விட்டுவிட்டால் அவரே ராணுவத்தைக் கட்டுவார் என்பது கணக்கு. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஸ்டிம்சனுக்கும் இதே எண்ணம். செப்டம்பரிலேயே நடுநிலையாளர்களை மஞ்சூரியாவுக்கு அனுப்பலாம் என்ற பேச்சு வந்தபோது, ஜப்பானியர்களைச் சீண்டிவிடும் என்று அவர் அதற்கு ஆதரவு தரவில்லை.

செப்டம்பர் 30 அன்று சங்கத்தின் கவுன்சில் ஒரு தீர்மானம் போட்டது. படைகளை விரைவில் ரயில்வே எல்லைக்குள் திருப்பிக்கொள்வதாக ஜப்பான் ஒத்துக்கொண்டது. அக்டோபர் 8 அன்று ஜப்பானிய விமானங்கள் ஜின்ஜோ நகரத்தின் மீது குண்டு போட்டன. அக்டோபர் 24 அன்று, நவம்பர் 16க்குள் வெளியேற வேண்டும் என்று கவுன்சில் கெடு வைத்தது. ஓட்டு 13க்கு 1. அந்த ஒன்று ஜப்பான். 11ஆம் பிரிவுப்படி எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் தீர்மானம் செல்லும், எனவே செல்லவில்லை. பிராது கொடுக்கப்பட்டவரும் நாட்டாமை வரிசையில் உட்கார்ந்து தீர்ப்புக்குச் சம்மதம் சொல்ல வேண்டிய பஞ்சாயத்து இது.

ஷிதேஹாராவை நம்பியதை நான் பெரிய தவறு என்று சொல்ல மாட்டேன். அவர் கையில் எதையும் கொடுக்காமல் நம்பியதுதான் தவறு. மந்திரி சபையில் ராணுவ அமைச்சரைப் பார்த்து 'இப்படிப் போனால் இன்ன தேதியில் இன்ன நஷ்டம்' என்று சொல்ல அவருக்கு ஒரு துருப்புச்சீட்டுகூட இல்லை.

பொருளாதாரத் தடை

விவாதம் எப்போதும் சூடாவது இங்கேதான். சாசனத்தின் 16ஆம் பிரிவு, சாசனத்தை மீறிப் போரில் இறங்கும் உறுப்பு நாட்டின் வணிகத்தை எல்லோரும் துண்டிக்க வேண்டும் என்றது. ஜப்பான் போர் என்று அறிவிக்கவேயில்லை, 'சம்பவம்' என்றது. சீனாவும் தூதரக உறவை முறிக்கவில்லை. சட்டத்துக்கு அது போதுமான சந்து.

சட்டத்தை விடுவோம். தடை போட்டிருந்தால் வேலை செய்திருக்குமா? ஜப்பானின் பெரிய ஏற்றுமதி கச்சாப் பட்டு, பெரிய வாடிக்கையாளர் அமெரிக்கா. அமெரிக்கா இல்லாமல் தடை என்பது ஓட்டைக் குடம். ஜனாதிபதி ஹூவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே தயாராக இல்லை. அவர் திரும்பியிருந்தாலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பட்டுப்புழு வளர்த்தது யார்? நாகானோ மாதிரியான மலைப்பகுதிச் சிறு விவசாயிகள். பெருமந்தத்தில் பட்டு விலை சரிந்தபோது ஏற்கெனவே அடிபட்டவர்கள் அவர்கள். ராணுவத்தின் சிப்பாய்கள் வந்தது அந்த மாதிரி வீடுகளிலிருந்து. மஞ்சூரியாவில் நிலம் கிடைக்கும் என்ற கனவு விற்றதும் அந்த மாதிரி ஊர்களில். பின்னாளில் மஞ்சூரியாவுக்கு மிக அதிகம் குடியேறிகளை அனுப்பிய மாவட்டமும் நாகானோதான். பட்டுக்குத் தடை போட்டால் சூடு இஷிவாராவைத் தொடாது. அவர் பேச்சைக் கேட்க இன்னும் பத்துப் பேரைச் சேர்த்துக் கொடுக்கும்.

கடன் விஷயம் வேறு. 1931 டிசம்பர் வரை ஜப்பான் தங்க நாணய முறையில் இருந்தது. யென்னைத் தாங்கிப் பிடிக்க நிதி அமைச்சர் இனோவே ஜுன்னோசுகே படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். நியூயார்க், லண்டன் வங்கிகளின் நல்லெண்ணம் அவருக்கு மூச்சுக்காற்று. ராணுவத்துக்குப் பணம் கொடுக்க மனமில்லாத ஆளும் அவரே. படை திரும்பும்வரை புதுக் கடன் கிடையாது என்று சத்தம் போடாமல் ஒரு செய்தி போயிருந்தால், அது நேராகப் போய்ச் சேர வேண்டிய மேஜையில் விழுந்திருக்கும். டிசம்பர் நடுவில் புது அரசு வந்ததும் தங்க முறை போயிற்று. அந்த மேஜையும் போயிற்று. 1932 பிப்ரவரியில் இனோவே சுட்டுக் கொல்லப்பட்டார்.

பெரிய நாடுகள் செய்யத் தயங்கிய தடையைச் சீனக் கடைக்காரர்கள் செய்து காட்டினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜப்பானியச் சரக்கை வாங்குவதில்லை, விற்பதில்லை என்று ஷாங்காயில் தொடங்கிய புறக்கணிப்பு ஜப்பானிய வணிகர்களை உண்மையிலேயே வாட்டியது. பதிலுக்கு 1932 ஜனவரி 28 இரவு ஜப்பானியக் கடற்படை வீரர்கள் ஷாங்காயின் ஜாபெய் பகுதிக்குள் இறங்கினார்கள், விமானங்கள் குண்டு போட்டன. தடைக்கு வலு உண்டு. அதற்குப் பதிலடியும் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, நம் பக்கத்துக் கதை. வணிக ஆயுதத்தை ஜப்பான் மீது எடுக்கவே முடியாது என்று மஞ்சூரியா விஷயத்தில் கையை விரித்த பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம், 1933 ஜூனில் இந்தியாவுக்குள் வரும் ஜப்பானியப் பருத்தித் துணிக்கு 75 சதவீத வரி போட்டது. இங்கிலாந்தின் லங்காஷயர் துணி ஆலைகளுக்கு நெருக்கடி, அதனால். ஜப்பானிய ஆலைகள் இந்தியப் பருத்தியை வாங்க மாட்டோம் என்று நின்றன. நம் பருத்தி விவசாயி நடுவில் மாட்டிக்கொண்டான். 1934இல் உட்கார்ந்து பேசி, இத்தனை பருத்தி வாங்கினால் இத்தனை துணி விற்கலாம் என்று முடித்துக்கொண்டார்கள். போர் எதுவும் வெடித்துவிடவில்லை.

முழுத் தடை கடைசியில் வந்தது 1941இல். ஜப்பானின் எண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம் அமெரிக்காவிலிருந்து போய்க்கொண்டிருந்தது. ஜூலை, ஆகஸ்டில் குழாயை அடைத்தார்கள், டிசம்பரில் பேர்ல் ஹார்பர். அடுத்த ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது, சென்னையே காலியானது. பத்து வருடம் தாமதித்து, சீனாவில் பல லட்சம் பேரை இறக்கிவிட்ட ஒரு படையின் கழுத்தைப் பிடித்தபோது கிடைத்த விளைவு அது. 1931இல் ஒரு பத்தாயிரம் பேர் கொண்ட படையை விஷயமாக வைத்து என்ன நடந்திருக்கும் என்பதற்கு அதை உதாரணமாகக் காட்டுவது சரியில்லை.

விசாரணைக் குழு

சங்கம் உண்மையில் தேர்ந்தெடுத்தது இதைத்தான். முன்மொழிந்தது யார் தெரியுமா? ஜப்பான். செப்டம்பரில் வேண்டவே வேண்டாம் என்ற அதே நாடு, நவம்பர் 21 அன்று குழு அனுப்பலாமே என்றது. இரண்டு நாள் முன்னால்தான் அதன் படை வடக்கே ச்சிச்சிஹார் நகரத்தைப் பிடித்திருந்தது. நேரம் அப்போது அதற்குச் சாதகம். டிசம்பர் 10 அன்று கவுன்சில் ஒருமனதாக ஒத்துக்கொண்டது. குழு எந்தப் படையின் நடமாட்டத்திலும் தலையிடக்கூடாது என்ற நிபந்தனையோடு. மறுநாள் வாகாத்சுகி அரசு ராஜினாமா செய்தது. ஷிதேஹாராவும் இனோவேயும் வீட்டுக்குப் போனார்கள். ஜெனீவா யாரை நம்பிக் காத்திருந்ததோ அவர்கள் போன பிறகு, அந்த நம்பிக்கைக்கான கருவி கிளம்பத் தயாரானது.

ஐந்து பேர்: பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி, அமெரிக்கா. தலைவர் லிட்டன் பிரபு. வங்காள ஆளுநராக இருந்தவர், சிம்லாவில் பிறந்தவர். பிறந்த வருடம் 1876. தாது வருஷப் பஞ்சத்தில் தமிழ்நாடு செத்துக்கொண்டிருந்த காலத்தில் வைஸ்ராயாக இருந்த லிட்டனின் மகன் இவர். அப்பா செய்ததற்கு மகனைப் பிடிக்க முடியாது. இந்த லிட்டன் நேர்மையான மனிதர், உழைப்பாளி. ஆனால் பயணம்! பிப்ரவரி தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி, அமெரிக்கா சுற்றி, 1932 பிப்ரவரி 29 அன்று தோக்கியோ. மறுநாள், மார்ச் 1, 'மஞ்சுகுவோ' என்ற புது நாடு அறிவிக்கப்பட்டது. சில நாளில் சீனாவின் கடைசிப் பேரரசர் பூயி அதன் தலைவராக உட்கார்த்தப்பட்டார். குழு முக்டெனில் கால் வைத்தது ஏப்ரல் இருபது வாக்கில். வெடி வெடித்து ஏழு மாதம். சைபீரிய ரயிலில் வந்திருந்தால் ஐரோப்பாவிலிருந்து சுமார் இரண்டு வாரம்.

அங்கே அவர்கள் பட்ட பாடும் பார்க்க வேண்டியது. போகுமிடமெல்லாம் போலீஸ், சந்திக்க வந்த சீனர்கள் மீது கண். நேரில் பேசப் பயந்தவர்கள் எழுதினார்கள். குழுவின் கைக்கு எப்படியோ வந்து சேர்ந்த கடிதங்கள் சுமார் 1,550. விவசாயி, கடைக்காரர், மாணவர் என்று எல்லாத் தரப்பும். அவற்றில் இரண்டே இரண்டைத் தவிர மற்ற எல்லாமே புது அரசையும் ஜப்பானியரையும் கசப்போடு எதிர்த்தவை. மஞ்சூரிய மக்கள் தாங்களே எழுந்து தனிநாடு கண்டார்கள் என்ற கதை அந்த மூட்டையிலேயே செத்துவிட்டது. அறிக்கையும் ஒளிக்கவில்லை. அன்றிரவு ஜப்பானியப் படை செய்ததைத் தற்காப்பு என்று கொள்ள முடியாது, அந்த ரயில் சரியான நேரத்துக்கு வந்தது என்று பதிவு செய்தது. சீன இறையாண்மைக்குக் கீழே தன்னாட்சி கொண்ட மஞ்சூரியா என்று நடுவழி ஒன்றையும் சொன்னது.

விசாரணை என்ற அளவில் முதல் தரம். காவல் என்ற அளவில் பூஜ்யம். 1932 செப்டம்பர் 4 அன்று கையெழுத்தானது. அது வெளிவருவதற்குள், 15ஆம் தேதி, ஜப்பான் மஞ்சுகுவோவை முறைப்படி அங்கீகரித்துவிட்டது. 1933 பிப்ரவரி 24 அன்று, அந்த அறிக்கையின் முடிவுகளை ஏற்பதா என்று சங்கத்தின் பேரவையில் ஓட்டெடுப்பு: 42க்கு 1, சயாம் (இன்றைய தாய்லாந்து) ஒதுங்கிக்கொண்டது. ஜப்பானியப் பிரதிநிதி மாத்சுவோகா எழுந்து வெளியே நடந்தார், மார்ச்சில் ஜப்பான் சங்கத்தை விட்டே விலகியது. அந்த வாரங்களிலேயே குவாண்டுங் படை மஞ்சூரியாவை ஒட்டிய ரெஹே மாகாணத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

அங்கீகரிக்க மறுப்பது

1932 ஜனவரி 7 அன்று ஸ்டிம்சன் சொன்னது, மார்ச்சில் பேரவையும் ஏற்றுக்கொண்டது: பலாத்காரத்தால் பிடித்ததைச் சட்டப்படி ஒத்துக்கொள்ள மாட்டோம். செலவில்லாத வழி. ராணுவத்துக்கும் செலவில்லை. 1934இல் எல் சால்வடோர் மஞ்சுகுவோவை அங்கீகரித்தது, பிறகு இத்தாலி, ஜெர்மனி. மறுத்த சோவியத் ஒன்றியமே 1935இல் மஞ்சூரியாவில் இருந்த தன் ரயில்வேயை மஞ்சுகுவோவுக்கு விற்றது. நீண்ட காலச் சட்டக் கணக்கில் இதற்கு மதிப்பு உண்டு என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. 1931இல் ஒரு தோட்டாவைக்கூட இது நிறுத்தவில்லை.

கையில் இருந்தும் எடுக்காதது

1925 அக்டோபரில் கிரேக்கப் படை பல்கேரியாவுக்குள் நுழைந்தது. கவுன்சில் பாரிசில் கூடி, படை திரும்ப 60 மணி நேரம் கெடு கொடுத்தது. அதே கையோடு, அருகில் இருந்த பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலியின் ராணுவ அதிகாரிகளை எல்லைக்கு அனுப்பி நேரில் பார்க்கச் சொன்னது. கிரேக்கம் திரும்பியது. அதெல்லாம் சின்ன நாடு, மிரட்டினால் கேட்கும், ஜப்பான் அப்படியா என்று கேட்பீர்கள். சரி, நியாயமான கேள்வி. ஷாங்காயைப் பாருங்கள்.

1932 பிப்ரவரியில் ஷாங்காயில் சண்டை போட்டதும் அதே ஜப்பான்தான். ஆனால் அங்கே வெளிநாட்டுத் தூதரக அதிகாரிகள் ஏற்கெனவே குடியிருந்தார்கள். அவர்கள் ஒரு குழுவாகி, பார்த்ததைப் பார்த்த சூட்டோடு ஜெனீவாவுக்கு அனுப்பினார்கள். சீனாவின் 19ஆவது வழிப்படையும் விட்டுக்கொடுக்காமல் நின்றது. ஜப்பானியத் தளபதி ஷிராகாவா தோக்கியோவின் பேச்சைக் கேட்கிறவர். மார்ச் 3 அன்று சண்டையை நிறுத்தினார். ஏப்ரல் இறுதியில் ஒரு விழா மேடையில் கொரிய இளைஞர் வீசிய குண்டில் அவர் படுகாயமடைந்து பிறகு இறந்தார், தூதர் ஷிகெமித்சு காலை இழந்தார். அப்படியும் மே 5 அன்று, மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே ஷிகெமித்சு போர்நிறுத்தத்தில் கையெழுத்துப் போட்டார். ஷாங்காயில் பெரிய நாடுகளின் சொத்து இருந்தது, மஞ்சூரியாவில் அவ்வளவு இல்லை, அதுதான் காரணம் என்பார்கள். அதுவும்தான். கூடவே, அங்கே பார்ப்பதற்கு ஆள் இருந்தது, உத்தரவைக் கேட்பதற்கும் ஆள் இருந்தது.

மஞ்சூரியாவில் உத்தரவைக் கேட்கவே மாட்டார்கள் என்றால் என் வாதம் விழுந்துவிடும். நவம்பர் கடைசியில் ஒன்று நடந்தது. குவாண்டுங் படை ஜின்ஜோவை நோக்கிக் கிளம்பியது. நடுநிலை நாடுகளின் பார்வையாளர்கள் சிலர் அங்கே இருந்தார்கள், ஜெனீவா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. தோக்கியோவின் ராணுவத் தலைமை அதிகாரி கானாயா, பேரரசரின் பெயரால் உத்தரவிடும் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி, திரும்பு என்றார். முனகிக்கொண்டே திரும்பியது. அந்த நேரம் பார்த்து, ஜின்ஜோவைத் தொட மாட்டோம் என்று ஷிதேஹாரா தனியாகக் கொடுத்திருந்த வாக்கை ஸ்டிம்சன் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட, ஜப்பானில் ஷிதேஹாரா மீது புயல் அடித்தது.

என்னைக் கேட்டால் எடுத்திருக்க வேண்டியது இதுதான்: செப்டம்பர் கடைசியில், பீப்பிங்கிலும் தோக்கியோவிலும் இருந்த வெளிநாட்டு ராணுவ அதிகாரிகளை ஒரு ரயிலில் ஏற்றி முக்டெனுக்கு அனுப்புவது, கூடவே கடன் பற்றிய அந்தச் சத்தமில்லாத செய்தி. கப்பலும் வேண்டாம், 16ஆம் பிரிவும் வேண்டாம். ஷிதேஹாராவின் கையில் ஒரு சீட்டு, கானாயாவின் கையில் ஒரு சாக்கு.

இதில் ஓட்டை இல்லாமல் இல்லை. ஆட்களை உள்ளே விட ஜப்பான் மறுத்திருக்கலாம். இஷிவாராவின் ஆட்கள் ரயிலையே நிறுத்தியிருக்கலாம். நான் கானாயாவின் உத்தரவை நம்பித்தான் இவ்வளவும் சொல்கிறேன். அந்த உத்தரவு தாங்கியது ஐந்து வாரம். 1932 ஜனவரி 3 அன்று ஜின்ஜோ விழுந்தது. லிட்டன் அப்போது இன்னும் கப்பலேறவில்லை.